மொட்டை மாடியில் காய்ந்த ரத்தக் குழாய்

பிஎச்.டி. முடித்தவர்களால் யாருக்கும் பெரிய தொந்தரவு கிடையாது. அவர்களுக்கு வேலை தேடவே நேரம் போதாது. முடிக்கப்போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் போடவேண்டிய ‘டாக்டர்’ இன்னும் வந்திருக்காது, ஆனால் அதற்குண்டான திமிர் முன்கூட்டியே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். 2004-ஆம் வருஷம் திருமானூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு பயல் திரிந்துகொண்டிருந்தான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் எதிரே வந்து நிற்கிறான், தலைமுடிதான் அப்போதைவிடக் குறைவு.

நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவன். தோலைக் கிள்ளி இழுத்து விட்டால் பழையபடி போய் ஒட்டிக்கொள்கிறதே, ரத்தக் குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்குகிறதே, அதற்குக் காரணம் உடம்பில் இருக்கிற ஒரு புரதம். எலாஸ்டின் என்று பெயர். அதே மாதிரி நீண்டு சுருங்குகிற பொருளைச் செயற்கையாகச் செய்து, அதைக் குழாயாக்கி, அதன்மேல் உயிருள்ள செல்களை வளர்த்து, கெட்டுப்போன ரத்தக் குழாய் இருந்த இடத்தில் வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அந்தப் புரதத்தில் ஐந்து அமினோ அமிலங்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். நாங்களும் அதே வரிசையில் அவற்றை நீளமாகக் கோத்து, நாடா நாடாவாக வார்த்து வைத்திருந்தோம். (‘நாங்கள்’ என்றால் எனக்கு முன்னால் அங்கே மாரடித்துவிட்டுப் போன சீனியர்கள். நான் கடைசியில் வந்து வார்த்தேன், அவ்வளவுதான். ஊரில் சொல்லும்போது மட்டும் ‘நான்’.)

இந்த நாடாவுக்கு ஒரு குணம் உண்டு. ஈரமும் உடம்புச் சூடும் சேர்ந்தால்தான் ரப்பர் மாதிரி நீளும். காய்ந்துவிட்டால் மொடமொடவென்று ஆகி, இழுத்தால் பட்டென்று ஒடிந்துவிடும். திரும்ப நனைத்தால் பழையபடி ஆகும். இதைக் கண்டுபிடித்தவன் நான் இல்லை. ஆனாலும் என் ஆய்வுக் கட்டுரையில் இதற்கு மட்டும் ஒரு முழு அத்தியாயம் எழுதியிருந்தேன்.

ஊரில் இவ்வளவு விளக்கம் யாருக்கு வேண்டும்? “செயற்கையா ரத்தக் குழாய் செய்யிறேன்” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவேன். டீக்கடையில், “அப்ப இனிமே ஆருக்கும் நெஞ்சு வலி வராதா தம்பி?” என்று கேட்பார்கள். நான் டீயை ஆற்றிக்கொண்டே, “வரும், ஆனா நாம பாத்துக்கலாம்” என்பேன். என்னமோ அரியலூர் பஸ் ஸ்டாண்டில் குழாய் வைத்துக்கொண்டு காத்திருப்பவன் மாதிரி. இப்போது நினைத்தாலும் அவனை நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

அந்த வருஷம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்த மலர்க்கொடி. காபி டம்ளரை நீட்டும்போது நேராகப் பார்த்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. பெரியவர்கள் பெருந்தன்மையாக எங்களை ஐந்து நிமிஷம் கிணற்றடியில் பேசவிட்டார்கள். அந்த ஐந்து நிமிஷத்தையும் ரத்தக் குழாய்க்கே செலவழித்தேன். (வேறு என்ன தெரியும் எனக்கு?)

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அது காஞ்சுபோச்சுன்னா என்னங்க ஆகும்?”

என் முழு அத்தியாயத்தையும் ஒரே வரியில் கேட்டுவிட்டாள். “அட, நல்ல கேள்விங்க” என்று சொல்லியிருந்தால் என் கதையே வேறாக இருந்திருக்கும். அந்தத் திமிர் பிடித்த பயல் என்ன செய்தான்? சிரித்தான். “ஒடம்புக்குள்ள எப்படிங்க காயும்? அதெல்லாம் காயாது” என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னான்.

அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். முறுக்கு மீசை, விசில் ஊதாமலே விசில் கேட்கிற குரல். அவருக்கு இரண்டே பெருமைகள். ஒன்று மகள், இன்னொன்று பல். “இந்த வயசுல ஒரு பல்லு ஆடல தெரியுமா? இன்னமும் கரும்பக் கடிச்சுத்தான் திங்கிறேன்” என்று பெண் பார்க்கப் போன அன்றே சொன்னார். பேச்சு எங்கே போனாலும் பல்லுக்கு வந்து நிற்கும்.

கடைசியில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “டாக்டர் பட்டம் எப்ப வரும்? வர தேதியச் சொல்லுங்க, அதுக்கு அடுத்த முகூர்த்தத்துல முடிச்சிருவோம். பத்திரிகையில மாப்பிள்ள பேருக்கு முன்னாடி அது இருந்தாவணும்.”

“இதோ, அடுத்த மாசம் முயலுக்குள்ள வெச்சுப் பாக்குறோங்க. அது முடிஞ்சா கட்டுரைய எழுதிக் குடுக்க வேண்டியதுதான்” என்றேன்.

மாஸ்டருக்கு முயல் எதற்கு என்று புரியவில்லை, ஆனால் திருப்தி. “அப்ப ஒரு ஞாயித்துக்கெழம வூடு பாக்க வரோம்” என்றார். எங்கள் பக்கம் அப்படித்தான். மாப்பிள்ளையைப் பிடித்தால் மட்டும் போதாது, அவன் வீட்டைப் போய்ப் பார்த்து, கை நனைத்துவிட்டு வந்தால்தான் சம்பந்தம் உறுதி.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, எங்கள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே லேசான உப்புத் தண்ணீரில் நாடாக்கள், ஏழெட்டு இருக்கும். தஞ்சாவூரில் விலங்குகளை வைத்துச் சோதனை செய்யும் ஓரிடத்தில் திங்கட்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும். “இது போனா மறுபடி செய்ய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். ஈரம் போகக் கூடாது, சூடு ஆகக் கூடாது. ஞாயிறு ராத்திரி பஸ் ஏறி நேராப் போ” என்றார். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வெள்ளி ராத்திரியே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். தஞ்சாவூர் போகிற வழியில்தானே எங்கள் ஊர்? வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை மட்டும் காட்டினால் போதுமா? ரத்தக் குழாயை இழுத்தும் காட்டினால் மாஸ்டர் அங்கேயே தட்டை மாற்றிவிட மாட்டாரா?

பஸ்ஸில் பெட்டி ஒழுகியது. விழுப்புரம் தாண்டியதும் மடியெல்லாம் ஈரம். (பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.) வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, சமையலறையில் கைக்குக் கிடைத்த எவர்சில்வர் டப்பாவில் நாடாக்களை மாற்றி, கையோடு எடுத்து வந்திருந்த மிச்ச உப்புத் தண்ணீரை ஊற்றி, அண்ணி சீராகக் கொண்டுவந்த பிரிட்ஜில் வைத்தேன். ஆங்கிலத்தில் ‘திறக்காதே’ என்று எழுதிய சீட்டு பழைய பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போனது. அம்மாவிடமோ அண்ணியிடமோ, “இதுல என் ஆராய்ச்சி இருக்கு, தொடாதீங்க” என்று ஒரு வார்த்தை சொன்னேனா? சொல்லவில்லை. ஊரெல்லாம் நிறுத்தி நிறுத்தி விளக்கம் சொன்னவனுக்கு, சொந்த வீட்டில் சொல்லத் தோன்றவில்லை. சனிக்கிழமை முழுக்கத் திருமானூரில் முடிவெட்டிக்கொள்வதிலும் சட்டையை இஸ்திரி போடுவதிலும் கழிந்தது.

அது சித்திரை மாதம். சித்திரையில் எங்கள் ஊர் மொட்டை மாடிகளில் காலி இடம் இருக்காது. எல்லா வீட்டிலும் வேட்டியை விரித்து வத்தல் போட்டிருப்பார்கள்.

ஞாயிறு காலை குளித்து, விபூதி பூசி, நாடா ஒன்றை எடுத்து ஒத்திகை பார்க்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்தேன். டப்பாவில் தயிர் இருந்தது.

“அம்மா, இதுல இருந்தது எங்க?”

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே, “அதா? நல்ல ஆளுடா நீ. வத்தல வாங்கியாந்து தண்ணியில போட்டு வெச்சிருக்க. ஊசிப்போயிருக்கும். நேத்தே எடுத்து மாடியில காயப் போட்டுட்டேன்” என்றாள்.

“அது வத்தல் இல்லம்மா!”

“வத்தல் இல்லாம? அந்தத் தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்தேன், லேசா உப்புக் கரிச்சுது. மெட்ராஸ்ல அப்பிடித்தான் ரிப்பன் மாதிரி ஊத்துவாங்க போலருக்குன்னு நெனச்சேன். உப்பு பத்தல, அதான் கொஞ்சம் தூவி விட்டேன்.”

ஆராய்ச்சியாளர் செய்யவேண்டிய எல்லாவற்றையும் அம்மா செய்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள், சோதித்திருக்கிறாள், முடிவுக்கு வந்திருக்கிறாள். முடிவு மட்டும் தப்பு. என் ஆராய்ச்சியும் அதே லட்சணம்தான் என்பதால் அவளைக் கோபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கத்தினேன். அண்ணி ஓடிவந்து எரிகிற தீயில் எண்ணெயை ஊற்றினாள். “காலையில ருசி பாக்கலாம்னு அதுல கொஞ்சம் பொரிச்சேன் தம்பி. பொரியவே இல்ல. கருகி நாத்தம் அடிச்சுது. கோழிக்குப் போட்டேன், கோழிகூடத் தொடல.”

கோழிக்கு இருந்த அறிவு எனக்கு இருந்திருந்தால் அந்த நாடாவை ஊருக்கே கொண்டுவந்திருக்க மாட்டேன்.

“மிச்சம் இருக்கா அண்ணி?”

“ஒண்ணோ ரெண்டோ இருக்கும். எல்லாத்தையும் அள்ளி மொறத்துல போட்டு அத்தை கீழ கொண்டாந்துட்டாங்களே.”

முறம் நிறைய அரிசிக் கூழ் வத்தல். அம்மா அந்த வருஷம் முறுக்கு அச்சை விட்டுவிட்டுக் கையாலேயே நீளநீளமாக இழுத்து ஊற்றியிருந்தாள். காய்ந்த நாடாவும் காய்ந்த வத்தலும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. ஆறு வருஷப் படிப்பு, மூன்று வருஷ ஆராய்ச்சி, எது என் ஆராய்ச்சி, எது அம்மாவின் வத்தல் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வழிதான் இருந்தது. தண்ணீரில் நனைத்தால் வத்தல் கூழாகும், நாடா நீளும். ஒரு குண்டானில் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்து, ஒவ்வொன்றாக முக்கி முக்கி இழுக்க ஆரம்பித்தேன். வத்தல், வத்தல், மறுபடியும் வத்தல். வேட்டியெல்லாம் கூழ். இடையில் ஒன்று ஒடிந்தது. அது நாடாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். நனைத்தேன், கூழ்.

வாசலில் கார் வந்து நின்றது.

அம்மா என்னை உள்ளே தள்ளி வேறு வேட்டியைக் கையில் கொடுத்து, குண்டானைப் பின்பக்கம் கொண்டுபோனாள். முறம் கூடத்திலேயே இருந்துவிட்டது, நாற்காலிக்குப் பக்கத்தில். நான் வேட்டி மாற்றிக்கொண்டு வருவதற்குள் மாஸ்டர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவியும் மச்சினரும் எதிரே. மலர்க்கொடி வரவில்லை, வீடு பார்க்கிற சடங்குக்குப் பெண் வரமாட்டாள். அதற்காக நான் இன்றுவரை சாமி கும்பிடுகிறேன்.

நான் உட்காராமல் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, வத்தலயே பாக்குறீங்க? எனக்கும் பொரிச்சதவிட இப்பிடிப் பச்சையாக் கடிக்கிறதுதான் புடிக்கும். பல்லு கெட்டியா இருக்கணும், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

மொடுக்கென்று சத்தம் கேட்டது. மென்றார். அப்புறம் இன்னொன்று. அதையும் மென்றார். மூன்றாவதாக நீளமாக ஒன்றை எடுத்து ஒரு முனையை வாயில் அதக்கினார். ருசி பிடிபடவில்லை போல. புருவம் ஏறியது. பேசிக்கொண்டே ஊற வைத்தார், பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி விலையைப் பற்றி என்னமோ சொன்னார், மறுபடி மென்றார். ஈரம் வேண்டும், உடம்புச் சூடு வேண்டும் என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். இரண்டும் மாஸ்டரின் வாயில் தாராளமாக இருந்தன.

“என்னங்க இது, இழுக்குது?” என்று வெளியே தொங்கிய முனையை விரலால் பிடித்து இழுத்தார்.

நீண்டது. அடேயப்பா, என்ன நீளம்! ஆய்வுக்கூடத்து இயந்திரத்தில்கூட அது அப்படி நீண்டதில்லை. மாஸ்டர் விட்டார், பட்டென்று திரும்பிப் போய் மீசையில் அடித்தது. மறுபடி இழுத்தார், மறுபடி திரும்பியது. கொஞ்சமும் தளரவில்லை. அந்த இடத்தில் ஒரு மாப்பிள்ளை என்ன செய்திருக்க வேண்டும்? ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, அதை வாங்கி எறிந்திருக்க வேண்டும். எனக்கோ மலர்க்கொடி மறந்துபோனாள், கல்யாணம் மறந்துபோனது. வேலை செய்கிறது, நாம் செய்தது வேலை செய்கிறது என்கிற ஒரே சந்தோஷம். மாஸ்டர் முகம் சுளித்துத் துப்பப் போனார்.

நான் கூடம் அதிரக் கத்தினேன். “துப்பிடாதீங்க மாமா! அதுதான் கடைசி!”

கத்தியதோடு நிற்கவில்லை. பாய்ந்துபோய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் பின்னால் சாய்ந்தார், நான் முன்னால் இழுத்தேன். நாடா நீண்டது, நீண்டது, பிறகு விடுபட்டு என் கைக்கு வந்தது. கூடவே மேல்வரிசைப் பல் மொத்தமும் வந்தது.

பல்செட்டு என் உள்ளங்கையில் இளித்துக்கொண்டு கிடந்தது. மாஸ்டரின் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். அவருக்கு மட்டும்தான் அது தெரியும் போலிருக்கிறது, ஏனென்றால் மச்சினர், “மாமா, இது எப்பலேருந்து?” என்று கேட்டார்.

நான் அப்போதாவது தலையைக் குனிந்தேனா? நாடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “கிழியலைங்க!” என்றேன்.

மாஸ்டர் பல்லை வாங்கி மேல்துண்டில் மூடினார். வாய் குழறியது, கோபம் குழறவில்லை. “யாருக்குடா மாமா? எம்பொண்ண ஒங்கையில குடுத்தா அவ பல்லையும் புடுங்கி ஆராய்ச்சி பண்ணுவ. எந்திரிங்க எல்லாரும்!” அம்மா வாசல் வரைக்கும் கெஞ்சிக்கொண்டே போனாள். சாப்பாட்டுக்கு இலை போட்டிருந்தது, யாரும் கை நனைக்கவில்லை. கார் கிளம்பிய பிறகுதான் என் மூளை விழித்தது. அவர் வாயில் போன பொருளைப் பற்றி, ‘உடம்புக்கு எந்தத் தீங்கும் செய்யாது’ என்று என் கட்டுரையில் எழுதியிருந்தேன். அதை அன்றைக்கு நான் நம்ப ஆசைப்பட்ட மாதிரி ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை.

தீங்கு செய்யவில்லை. ஆளுக்கு ஒன்றுமில்லை, சம்பந்தம்தான் செத்தது.

அன்று மாலை வீட்டு போன் அடித்தது. எடுத்தேன். எதிர்முனையில் மலர்க்கொடி. “காயாதுன்னு சொன்னீங்களே” என்றாள். அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல் வைத்துவிட்டாள். வலித்தது. உண்மையாகவே வலித்தது. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான், எப்பேர்ப்பட்ட பெண்ணை விட்டோம் என்பது புரிந்தது. அவளை அரியலூரில் மின்வாரியத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறாள் என்று கேள்வி.

பேராசிரியரிடம் அந்த ஒற்றை நாடாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தார். “இது என்ன தடம்?” என்றார். “பல் சார்” என்றேன். “முயலோடதா?” என்றார். தலையைச் சொறிந்தேன். மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னார். நான் ஆராய்ச்சியில் சேர்ந்தபோது அரியலூர் தனி மாவட்டம். அப்புறம் அதைப் பெரம்பலூரோடு சேர்த்தார்கள். நான் முடித்த வருஷம் மறுபடி தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஒரு மாவட்டமே போய்விட்டுத் திரும்பி வருகிற அளவுக்கு நீண்டது என் பிஎச்.டி. ஒன்றுதான்.

கதை எனக்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்விட்டது. திருமழபாடியில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணின் தாத்தா என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார். (பல்லைக் கழற்றிப் பத்திரப்படுத்தத்தான்.) ஜெயங்கொண்டத்துப் பெண்ணான என் மனைவி முதல் பார்வையிலேயே, “நீங்கதான அந்த வத்தல் மாப்பிள்ள?” என்றாள். எங்கள் கல்யாணப் பந்தியில் வத்தல் பரிமாற வந்தபோது, சொல்லிவைத்த மாதிரி வரிசை முழுக்க, “துப்பிடாதீங்க மாமா, அதுதான் கடைசி!” என்றது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழந்தைகள் மருந்தைத் துப்பினால், கறிவேப்பிலையைத் துப்பினால், அண்ணி இதைத்தான் சொல்கிறாள். அம்மா மட்டும் சொல்ல மாட்டாள். “உப்பு சரியா இருந்திருந்தா பொரிஞ்சிருக்கும்” என்பதுதான் இன்னமும் அவள் கட்சி.

போன வருஷம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் மாஸ்டரைப் பார்த்தேன். மீசை நரைத்து, ஆள் மெலிந்து, கையில் மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்தார். ஒளிந்துகொள்ளத் தூண் தேடினேன். அதற்குள் பார்த்துவிட்டார்.

“வாய்யா இங்க” என்றார். அதே விசில் குரல். போய் நின்றேன். சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து காட்டினார். நடு நெஞ்சில் நீளமாகத் தையல் தழும்பு.

“பெரிய ரத்தக் குழாய் வீங்கிப்போச்சுன்னு திருச்சியில அறுத்து, உள்ள செயற்கைக் குழாய் வெச்சிருக்காங்க” என்றவர், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “இவ்வளவு நாளா கேக்கணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில எவன்ட்டயும் கேக்க முடியல. நெசத்தச் சொல்லு. இது ஒன்னோடதா?”

“இல்லைங்க மாஸ்டர். நாங்க செஞ்சது இன்னும் முயலத் தாண்டல. இது வேற சரக்கு, வெளிநாட்டுல செஞ்சது.”

மாஸ்டர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, பல்செட்டு முழுவதும் தெரிய, வாய் நிறையச் சிரித்தார்.

“அப்பாடா” என்றார்.